கல்கத்தாவின் 1024 அறைகள்: முகவரியைக் கணித்துத் தேடும் முறையின் வரலாறும் மொழித்தரவும்

1. முன்னுரை

திரட்டி வைத்த பொருள்களுள் ஒன்றைத் தேடிக் கண்டடைவதற்கு மனிதர் வகுத்த வழிகளுள் இரண்டு தலையாயவை. ஒன்று வரிசைமுறை. அகரநிரலில் அமைந்த அகராதியில் ஒரு சொல்லைத் தேடுபவர் நூலை நடுவே பிரித்து, முன்னும் பின்னும் நகர்ந்து, எல்லையைக் குறுக்கிக்கொண்டே சென்று அச்சொல்லை அடைகிறார். மற்றொன்று கணிப்புமுறை. தேடப்படும் பொருளின் இயல்பிலிருந்தே ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண்ணுக்குரிய அறையை நேரே திறந்து பார்ப்பது இதன் நெறியாகும். பிற அறைகளில் உள்ளவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவை இதில் எழுவதில்லை. இவ்விரண்டாம் முறையில் அமைந்த தரவமைப்பைக் கணிப்பொறியியலார் ஹாஷ் அட்டவணை என வழங்குவர். ஒரு நூலில் எச்சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரல், எழுத்துப்பிழை காணும் நிரல், மொழிபெயர்ப்பாளரின் கலைச்சொல் பட்டியல் ஆகியவற்றுள் பல இவ்வட்டவணையை அடித்தளமாகக் கொண்டு இயங்குகின்றன.

ஹாஷ் அட்டவணை 1950களில் மின்னணுக் கணிப்பொறியோடு தோன்றியது என்பது பொதுவாகக் கூறப்படும் வரலாறு. ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1897-இல், கல்கத்தாவின் காவல்துறை அலுவலகமொன்றில் மரப்பேழையும் காகித அட்டையுமாக வடிவம் பெற்றுச் செயற்பட்டது. அதனை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்டவர்கள் காஜி அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் வங்காளக் காவல்துறைத் துணை ஆய்வாளர் இருவர். அம்முறையின் அமைப்பையும், மின்னணுக் காலத்தில் அக்கருத்து மீண்டும் தோன்றியதையும், தமிழ்ச் சொற்களைப் புள்ளியியல் நிரல்களில் எண்ணுமிடத்து அவ்வரலாறு உணர்த்தும் உண்மையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. முகவரியைக் கணிக்கும் முறை தேடும் உழைப்பைக் குறைக்கிறது; ஆனால் 'இதுவும் அதுவும் ஒன்றே' எனத் தீர்மானிக்கும் உழைப்பை அது குறைப்பதில்லை; அவ்வுழைப்பை முன்கூட்டியே செய்து முடிக்குமாறு வற்புறுத்துகிறது என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

2. உறுதிப்படுத்தலும் தேடலும்

1858-ஆம் ஆண்டில் ஹூக்ளி ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அலுவலர், சாலைப்பணிக்குரிய பொருள்களைத் தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். பின்னர் 1877-இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவோர், சிறைப்பட்டோர் ஆகியோரிடம் விரல்பதிவு பெறும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். 'நானே இன்னார்' என்று கூறி வந்து நிற்பவரின் கூற்று மெய்யா பொய்யா என்று சோதிக்க இது போதுமானதாக இருந்தது. பெயர் முன்னரே தெரிந்திருந்தமையால், அப்பெயருக்குரிய பழைய பதிவை எடுத்துப் புதிய பதிவோடு ஒப்பிடுவதே வேலை.

பெயரை மறைப்பவரிடத்து இவ்வழி பயன்படாது. பிடிபட்டவர் புதுப்பெயர் கூறினால், அவருடைய விரல்பதிவு முன்னர் எங்கேனும் உள்ளதா என்று பல்லாயிரம் அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருக்கும். உறுதிப்படுத்தல் வேறு, தேடல் வேறு என்னும் வேறுபாடு இங்கு புலனாகிறது. விரல்ரேகைக்கு அகரநிரல் இல்லை என்பதே சிக்கலின் வேர்.

1890களின் தொடக்கத்தில் வங்காளக் காவல்துறை இதற்குப் பாரீசு நகரின் அல்போன்ஸ் பெர்த்தியோன் வகுத்த உடலளவை முறையைக் கையாண்டது. தலையின் நீளம், அகலம், நடுவிரலின் நீளம் முதலியவற்றை அளந்து, ஒவ்வோர் அளவையும் சிறியது, இடைப்பட்டது, பெரியது என மூன்றாகப் பகுத்து, அப்பகுப்புக்கேற்ப அட்டைகளை அறைகளில் இடுவது அம்முறை. கருத்தளவில் இதுவும் முகவரியைக் கணிப்பதே. ஆனால் அளவு என்பது தொடர்ச்சியானது. எல்லைக்கோட்டுக்கு அருகில் அமைந்த தலையை ஒரு காவலர் 'சிறியது' என்றும் மற்றொருவர் 'இடைப்பட்டது' என்றும் அளக்கக்கூடும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டால் ஒரே மனிதரின் இரண்டு அட்டைகள் இரு வேறு அறைகளுக்குச் சென்றுவிடும். எனவே ஐயமுள்ள ஒவ்வோர் அளவிற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளைத் தேட வேண்டியதாயிற்று.

3. பத்து விரல்களும் ஓர் எண்ணும்

1891-இல் வங்காளத்தின் காவல்துறைத் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்ற எட்வர்டு ரிச்சர்டு ஹென்றி, பிரான்சிஸ் கால்டன் 1892-இல் வெளியிட்ட விரல்ரேகை பற்றிய நூலால் ஈர்க்கப்பட்டார். விரல்ரேகைகளை வில், கண்ணி, சுழி என மூவகைப்படுத்திய கால்டன், பெருந்திரட்டுக்கு ஏற்ற வகைப்பாட்டை அளிக்கவில்லை. அக்குறையைப் போக்கும் பணியில் ஹென்றி ஈடுபடுத்தியவர்களே ஹக்கும் போஸும். ஹக் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்றவர்.

அவர்கள் வகுத்த முறை வியக்கத்தக்க எளிமை உடையது. அரிதாகத் தோன்றும் வில்லைக் கண்ணியோடு சேர்த்துவிட்டால் எஞ்சுவது ஒரே வினா: இவ்விரலில் சுழி உண்டா, இல்லையா? பத்து விரல்களுக்கு இவ்விரு விடைகளுள் ஒன்று அமையுமாயின், 2-இன் பத்தாம் அடுக்காகிய 1024 வகைகள் கிடைக்கும்.

வலக்கைப் பெருவிரல் தொடங்கி வலச் சிறுவிரல் வரை 1 முதல் 5 வரையும், இடக்கைப் பெருவிரல் தொடங்கி இடச் சிறுவிரல் வரை 6 முதல் 10 வரையும் விரல்களுக்கு எண்ணிடப்படும். 1, 2 ஆகிய விரல்களுக்கு மதிப்பு 16. 3, 4-க்கு 8. 5, 6-க்கு 4. 7, 8-க்கு 2. 9, 10-க்கு 1. சுழியுள்ள விரல் தன் மதிப்பைப் பெறும். சுழியில்லாத விரலுக்கு மதிப்பில்லை. இரட்டைப்படை விரல்களின் மதிப்புகளைக் கூட்டி 1 சேர்த்தால் பின்னத்தின் மேலெண்ணும், ஒற்றைப்படை விரல்களின் மதிப்புகளைக் கூட்டி 1 சேர்த்தால் கீழெண்ணும் வரும். சான்றாக, ஒருவருக்கு வலப் பெருவிரல், வல மோதிரவிரல், இடச் சுட்டுவிரல் ஆகிய மூன்றில் மட்டும் சுழி உள்ளதெனக் கொள்வோம். மோதிரவிரல் நான்காவது, அதன் மதிப்பு 8, ஆகவே மேலெண் 9. பெருவிரல் முதலாவது, சுட்டுவிரல் ஏழாவது. அவற்றின் மதிப்புகள் 16, 2. ஆகவே கீழெண் 19. அவருடைய அட்டை 9/19 என்னும் அறைக்கு உரியது. இரண்டு எண்களும் 1 முதல் 32 வரை அமையுமாதலால், 32 வரிசையும் 32 பத்தியும் கொண்ட அறைத்தொகுதியே போதும்.

இங்கு நிகழ்வது யாது? மனிதரின் பெயர், ஊர், குலம், குற்றம் ஆகிய எவையும் முகவரியில் இடம்பெறவில்லை. தேடப்படும் பொருளே தன் முகவரியைத் தன்னுள் கொண்டுள்ளது; கணக்கு அதனை வெளிக்கொணர்கிறது. அட்டையை வைப்பவரும் தேடுபவரும் ஒருவரையொருவர் அறியாதவராயினும், ஒரே கணக்கைச் செய்து ஒரே அறைக்கு வந்து சேர்கின்றனர். ஹாஷ் அட்டவணையின் இலக்கணமும் இதுவே.

4. ஓர் அறையில் பலர்

முகவரியைக் கணிக்கும் எம்முறைக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. வெவ்வேறு பொருள்கள் ஒரே முகவரியைப் பெறும். கணிப்பொறியியலார் இதனை மோதல் என்பர். 1024 அறைகளில் அட்டைகள் எவ்விதச் சார்புமின்றிச் சமவாய்ப்போடு விழுவதாகக் கொண்டாலும், 38 அட்டைகள் சேர்ந்த அளவிலேயே ஏதேனும் இரண்டு ஓர் அறையில் கூடுவதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும் என்பது நிகழ்தகவுக் கணக்கால் பெறப்படும்.

கல்கத்தாவின் அறைகளோ சமமாக நிரம்பக் கூடியன அல்ல. கண்ணிகளே மனித விரல்களில் மிகுதி. சுழிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சுழி அமையும் வாய்ப்பை 0.3 எனவும் விரல்கள் ஒன்றையொன்று சாராதவை எனவும் கொண்டால், பத்து விரல்களிலும் சுழியில்லாத 1/1 என்னும் அறைக்கு ஓர் அட்டை வரும் வாய்ப்பு 0.028. ஓரிலட்சம் அட்டைகளுள் ஏறத்தாழ 2,800 அந்த ஓர் அறையிலேயே குவியும். சமமாகப் பரவியிருந்தால் அறைக்கு 98 அட்டைகளே இருக்கும். பத்தும் சுழியாகிய 32/32 என்னும் அறையிலோ இக்கணக்குப்படி ஓர் அட்டையேனும் இருப்பது ஐயம். உண்மையில் ஒருவரின் விரல்கள் ஒன்றையொன்று சார்ந்தே அமைவதால், இவ்விரு எல்லை அறைகளும் இக்கணக்கு காட்டுவதைவிட மிகுதியாகவே நிரம்பும்.

இதற்கும் தீர்வு காணப்பட்டது. சுட்டுவிரல்களின் வடிவவகை, சுட்டுவிரல், நடுவிரல்களில் ரேகைகளின் எண்ணிக்கை, இறுதியில் சிறுவிரலின் ரேகை எண்ணிக்கை எனப் படிப்படியாக உட்பிரிவுகள் வகுக்கப்பட்டன. நெரிசலான அறை மேலும் பிரிக்கப்பட்டது. எஞ்சிய சில அட்டைகளைக் கண்ணால் ஒப்பிட்டு முடிவு செய்யப்பட்டது. எண் அறையைக் காட்டும், ஆளைக் காட்டாது. இறுதித் தீர்ப்பு ஒப்பீட்டுக்கு உரியது என்பதை அம்முறையை வகுத்தோர் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

மோதலினும் நுண்ணிய சிக்கல் மற்றொன்று. சில வடிவங்களைச் சுழி என்றும் கூறலாம், கண்ணி என்றும் கூறலாம். வலப் பெருவிரலின் வடிவம் ஒன்றைப் பற்றி இருவர் கருத்து மாறுபட்டால், கீழெண்ணில் 16 வேறுபடும். அட்டை பேழையின் மறுகோடிக்குச் சென்றுவிடும். வரிசைமுறையில் சிறுபிழை செய்தவர் தேடும் சொல்லுக்கு அண்மையிலேயே நிற்பார். கணிப்புமுறையில் சிறுபிழைக்கும் பெரும்பிழைக்கும் வேறுபாடில்லை. ஆதலால் ஐயத்துக்குரிய விரல் இருப்பின், அதனைச் சுழியாகக் கொண்டு ஒரு முறையும் கண்ணியாகக் கொண்டு மற்றொரு முறையும் கணித்து, இரண்டு அறைகளையும் தேட வேண்டும் என்பது விதியாயிற்று. வரையறைகளைக் கூர்மையாக்கும் முயற்சியும் தொடர்ந்தது.

5. ஏற்பும் பெயரும்

1897 மார்ச்சு மாதத்தில், இந்திய நில அளவைத் தலைவர் சார்லஸ் ஸ்டிரேகனும் பிரெசிடென்சி கல்லூரி முதல்வரும் வேதியியலறிஞருமான அலெக்சாண்டர் பெட்லரும் அடங்கிய குழு இம்முறையை நேரில் ஆராய்ந்து, உடலளவை முறையினும் இது எளிது, விரைவானது, உறுதியானது எனப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு சூன் மாதத்தில் அரசின் ஒப்புதல் கிடைத்தது. கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்தில் விரல்ரேகைக் கூடம் இயங்கலாயிற்று.

அவ்வாண்டிலேயே ஜல்பைகுரி மாவட்டத்தின் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அவருடைய பெட்டியிலிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் விரற்கறை காணப்பட்டது. அது முன்னர்த் தண்டனை பெற்ற காங்காலி சரண் என்பவரின் வலப் பெருவிரல் பதிவோடு ஒத்திருப்பதைக் கூடத்தார் கண்டறிந்தனர். 1898-இல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குற்றத்திற்கு உரியவர் எனத் தீர்ப்பளித்தது, கொலைக்குற்றத்திலிருந்து விடுவித்தது. விரல் அங்கிருந்தது என்பதைப் பதிவு காட்டும். அது செய்தது யாது என்பதைக் காட்டாது என்று நீதிமன்றம் அன்றே வேறுபடுத்தி நோக்கியமை குறிப்பிடத்தக்கது.

1900-இல் ஹென்றியின் நூல் வெளிவந்தது. 1901-இல் அவர் இலண்டன் சென்று ஸ்காட்லாந்து யார்டில் விரல்ரேகைப் பிரிவைத் தொடங்கினார். அங்கிருந்து உலகின் பல நாடுகளுக்கும் பரவிய அம்முறை 'ஹென்றி முறை' என்றே பெயர் பெற்றது. கணக்கை வகுத்த ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும், போஸுக்கு ராய் பகதூர் பட்டமும் பிற்காலத்தில் அளிக்கப்பட்டன. அரசு பரிசுத்தொகையும் வழங்கியது. விரல்ரேகை விவரங்களைத் தந்தி வழியே அனுப்புவதற்கான குறியீட்டு முறையை உருவாக்கியவரும் போஸே. ஆயினும் பாடநூல்களில் இருவர் பெயரும் நெடுங்காலம் இடம்பெறவில்லை. ஜி. எஸ். சோதி, ஜஸ்ஜீத் கௌர் ஆகியோர் 2005-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இவ்விருவரின் பங்கை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. ஆயிரக்கணக்கானோரின் பெயரில்லா அட்டைகளுக்கு முகவரி வகுத்த இருவர், தாம் வகுத்த முறையின் பெயரில் இடம்பெறாது போயினர்.

6. மின்னணுக் காலத்தில் மறுபிறப்பு

1953 சனவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன், தரவுகளை அவற்றின் மதிப்பிலிருந்து கணித்த எண்ணுக்கேற்ப 'வாளி'களில் இட்டு, ஒரே வாளியில் விழுவனவற்றைச் சங்கிலியாகத் தொடுக்கும் முறையை நிறுவனத்துக்குள்ளேயே சுற்றுக்கு விட்ட குறிப்பொன்றில் விளக்கினார். சூழலோடு சொற்களைத் தரும் சொல்லடைவு முறையை வகுத்தவர் என மொழியியலார் அறிந்திருக்கும் லூனும் இவரே. ஆர்னால்டு டூமி 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், பகா எண்ணால் வகுத்து மீதியை முகவரியாகக் கொள்ளலாம் என்றார். 1957-இல் வெஸ்லி பீட்டர்சனும், தனித்து நின்று சோவியத் நாட்டில் ஆந்திரேய் எர்ஷோவும், அறை நிரம்பியிருப்பின் அடுத்த வெற்றறையை நாடும் முறையை ஆராய்ந்தனர். 1968-இல் ராபர்ட் மோரிஸ் எழுதிய கட்டுரைக்குப் பின் 'ஹாஷ்' என்னும் பெயர் அச்சில் நிலைபெற்றது.

அவ்வாங்கிலச் சொல் கொத்திக் கலத்தலைக் குறிப்பது. சொல்லின் எழுத்துகளைக் கொத்திக் கலந்து எண்ணாக்குதல் என்பது கருத்து. கல்கத்தா முறை இதனின்று ஒருவகையில் வேறுபடும். 9/19 என்னும் எண்ணிலிருந்து எவ்விரல்களில் சுழி உண்டு என்பதை மீட்டறியலாம். கொத்திக் கலந்த எண்ணிலிருந்து சொல்லை மீட்பது அரிது. அறைகள் சமமாக நிரம்ப வேண்டும் என்பதற்காகவே பிற்காலத்தார் பொருளுணர்த்தும் எண்ணைக் கைவிட்டுப் பொருளற்ற எண்ணை நாடினர். சொற்களின் இயல்பான ஒழுங்கும் அண்மையும் இதனால் இழக்கப்படுகின்றன. அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் 'மரம்', 'மரபு' ஆகியன ஹாஷ் அட்டவணையில் தொலைவில் கிடக்கக்கூடும். கலைச்சொல் ஆக்குவோர் இச்செயலின் விளைவை நோக்கி 'முகவரிக் கணிப்பு' என்றோ, வழியை நோக்கிக் 'கொத்துதல்' என்றோ பெயரிடலாம். முன்னது கல்கத்தா முறையையும் தன்னுள் அடக்கும்.

கல்கத்தாவுக்கும் இப்புதிய காலத்திற்கும் வேறொரு தொடர்பும் உண்டு. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் பிரெசிடென்சி கல்லூரியில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், 1956-இல் ஹெச்.இ.சி. 2எம் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் மின்னணுக் கணிப்பொறி இதுவே. இதன் அடிப்படை வடிவமைப்பு இலண்டன் பிர்க்பெக் கல்லூரியின் ஆண்ட்ரூ பூத்துக்கு உரியது. இயந்திர மொழிபெயர்ப்பின் முன்னோடிகளுள் பூத்தும் ஒருவர். 1940களின் இறுதியில் அவரும் ரிச்சர்டு ரிச்சன்சும், கணிப்பொறியின் சிறு நினைவகத்தில் அகராதியை அடக்கும் பொருட்டு, சொல்லின் அடியையும் ஈற்றையும் பிரித்துத் தனித்தனியே தேடும் வழியை ஆராய்ந்தனர். தேடலின் சிக்கல் சொல்லிலக்கணத்தின் சிக்கலாக மாறும் இடம் அது.

7. புள்ளியியல் நிரல்களும் தமிழ்ச் சொல்லும்

பத்து இலட்சம் சொல்வருகைகளும் ஓரிலட்சம் வெவ்வேறு சொல்வடிவங்களும் கொண்ட தரவகம் ஒன்றைக் கருதுக. ஒவ்வொரு வருகைக்கும் ஒழுங்கற்ற பட்டியலை முதலிலிருந்து ஒப்பிட்டுச் சென்றால், சராசரியாக 50,000 ஒப்பீடுகள் வீதம் மொத்தம் 5,000 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். அகரநிரலில் பாதி பாதியாகக் குறுக்கிச் சென்றால் வருகைக்கு ஏறத்தாழ 17 வீதம் 1.7 கோடி, ஆனால் புதுச்சொல் வரும்போதெல்லாம் நிரலைப் பேண வேண்டும். ஹாஷ் அட்டவணையிலோ வருகைக்கு ஓரிரண்டு ஒப்பீடுகளே. 1977-இல் பெல் ஆய்வகத்தில் உருவான ஆக் என்னும் நிரல்மொழி சொல்லையே அணியின் சுட்டாகக் கொள்ள இடமளித்தமையால், சில வரிகளில் சொல்வருகை எண்ணும் நிரலை எழுதுவது இயல்வதாயிற்று. ஆக்லாந்து நகரில் ராஸ் இகாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களில் உருவாக்கிய ஆர் என்னும் புள்ளியியல் மொழியில், 'சூழல்' எனப்படும் அமைப்பு ஹாஷ் அட்டவணையாகவே இயங்குகிறது. அம்மொழியில் பெயரிட்ட பட்டியலை ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே அணுகுபவர் நெடுநேரம் காத்திருக்க நேரும். அதே பணியைச் சூழல் வழியே செய்பவர் விரைவில் முடிப்பார்.

விரைவு கிடைத்தபின் எஞ்சுவது கல்கத்தாவின் பழைய வினாவே: இவ்விரண்டும் ஒன்றா? கணிப்பொறிக்குச் சொல் என்பது குறியெண்களின் தொடர். 'கொடி' என்பதன் ஒகர உயிர்மெய்யை ஒருங்குறியில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணிப்பில் இரு முகவரிகள். முன்கூட்டியே இவற்றை ஒரு வடிவுக்குக் கொணராத நிரல் ஒரே சொல்லை இரண்டாக எண்ணும்.

இது குறியேற்றத்தின் குறை, எளிதில் நீக்கத்தக்கது. இலக்கணத்தால் வருவன எளியன அல்ல. 'அதைக் கண்டான்', 'அதைச் சொன்னான்', 'அதைத் தந்தான்', 'அதைப் பார்த்தான்', 'அதை வாங்கினான்' ஆகிய தொடர்களில் உள்ளது ஒரே சொல். வல்லெழுத்து மிகுந்தமையால் நிரல் அதனை ஐந்தாக எண்ணும். மிக வேண்டிய இடத்தில் மிகாது எழுதும் ஆசிரியரின் நூலிலும், பிழையற எழுதும் ஆசிரியரின் நூலிலும் இச்சொல்லின் வருகையெண் வேறுபடும், சொல்லாட்சி வேறுபடவில்லை. 'ஐயா', 'அய்யா' என்பன எழுத்துவேறுபாட்டால் பிரியும். வேற்றுமையுருபும் சாரியையும் இடைச்சொல்லும் ஏற்று ஒரு பெயர் பெறும் வடிவங்களோ மிகப்பல. இவற்றை ஒன்றாக்குவதா, தனித்தனியே வைப்பதா என்பது நிரலாளர் முடிவு செய்யத்தக்கதன்று; ஆய்வின் நோக்கமே அதனை முடிவு செய்ய வேண்டும்.

மறுதலையான சிக்கலும் உண்டு. 'படி' என்னும் வடிவம் ஏறும் படி, அளக்கும் படி, பிரதி, வாசித்தற்பொருளுடைய ஏவல் எனப் பலவற்றைக் குறிக்கும். இயந்திர மோதலில் அறை ஒன்றாயினும் சொற்கள் வேறாதலால், ஒப்பீடு அவற்றைப் பிரித்துவிடும். இங்கு வடிவமே ஒன்றாதலால் ஒப்பீடு உதவாது. விரல்ரேகைக் கூடத்தில் ஓர் அறையில் இருவர் அட்டை இருப்பது தீங்கன்று. இருவர்க்கு ஓரட்டையே எழுதப்படுமாயின் அதனைப் பிரிக்க எவராலும் இயலாது. ஒப்புருச் சொற்களின் நிலை இதுவே.

8. முகவரியும் தொலைவும்

முகவரிக் கணிப்பின் எல்லையை உணர்த்தும் மாற்றுவழியும் கல்கத்தாவிலேயே பிறந்தமை எண்ணத்தக்கது. 1920-இல் விலங்கியல் அறிஞர் நெல்சன் அனன்டேலின் வேண்டுகோளால், கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர் உடலளவுகளை மகலனோபிஸ் ஆராயத் தொடங்கினார். 1922-இல் அதன் முதற்பகுதி வெளிவந்தது. அவ்வழியிற் சென்ற ஆய்வு 1936-இல் பொதுமைப்படுத்திய தொலைவு என்னும் அளவையாக முதிர்ந்தது. பெர்த்தியோன் முறை உடலளவுகளை அறைகளாக வெட்ட முயன்று இடர்ப்பட்டது. மகலனோபிஸ் வெட்டவில்லை, ஒன்றுக்கொன்று தொடர்புடைய பல அளவுகளை ஒருங்கே கொண்டு, இரு குழுக்கள் எவ்வளவு அண்மையில் உள்ளன என்று அளந்தார். தொடர்ச்சியானவற்றுக்கு முகவரி பொருந்தாது, தொலைவே பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். மொழிபெயர்ப்பு நினைவகத்தில் முன்னர் மொழிபெயர்த்த தொடர் எழுத்துக்கு எழுத்து மீண்டும் வருமாயின், முகவரிக் கணிப்பால் அதனை நொடியில் எடுக்கலாம். ஒரு காற்புள்ளியோ ஓர் உருபோ மாறியிருப்பின் முகவரி மாறிவிடும். அங்கு நேரிய பொருத்தம் 'இல்லை' என்றே விடை வரும். அந்நிலையில் 1965-இல் விளாதிமிர் லெவன்ஷ்டைன் வரையறுத்தது போன்ற தொலைவளவைகளே ஏறத்தாழ ஒத்த தொடரைக் காட்டும். 'இல்லை' என்னும் விடையை 'இத்தொடர் முன்னர் வரவில்லை' என்று மட்டுமே கொள்ள வேண்டும். 'இக்கருத்து முன்னர் வரவில்லை' என்று கொள்வது தவறாகும்.

9. முடிவுரை

1897-இன் மரப்பேழைக்கும் 1953-இன் குறிப்புக்கும் இடையே காட்டப்பட்டது கருத்தொப்புமையே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதன்று. ஆயினும் முன்னதன் அமைப்பைக் கண்முன் கொள்வது பின்னதைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது. நிரலில் நொடிப்பொழுதில் மறைவாக நிகழும் செயல்கள் கல்கத்தாவில் மனிதர் கையால் வெளிப்படையாக நிகழ்ந்தன: வடிவத்தை நோக்குதல், சுழியா அன்றா எனத் துணிதல், கணக்கிடுதல், அறையைத் திறத்தல், ஒப்பிடுதல். இவ்வைந்தனுள் கணக்கிடுதலையும் அறையைத் திறத்தலையும் இயந்திரம் தன்பால் ஏற்றுக்கொண்டது. ஒப்பிடுதலிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளதா என்று காணும் அளவே அதன்பாற்படும். எவ்வடிவம் எச்சொல்லாக எண்ணப்பட வேண்டும் என்று துணிவது இன்றும் மொழியறிந்தோர்க்கே உரியது.

சொல்வருகைப் பட்டியல் ஒன்றை வெளியிடுவோர், எவ்வெவ்வடிவங்கள் ஒன்றெனக் கொள்ளப்பட்டன, ஒற்று மிகுதல் எவ்வாறு கையாளப்பட்டது, ஒப்புருச் சொற்கள் பிரிக்கப்பட்டனவா என்பவற்றை எண்களோடு சேர்த்துத் தருதல் வேண்டும். ஐயத்துக்குரிய விரலை இருமுறை கணித்து இரண்டு அறைகளையும் தேடுமாறு விதித்த கல்கத்தாக் கூடத்தின் நேர்மை, தமிழ்த் தரவகப் பணிக்கும் ஏற்ற நெறியாகும்.